ஓபன் பேப்பர் வாகனம்: பெயர் மாறும்வரை விற்பனை முடிவதில்லை

மோட்டார் வாகனத்தைக் காசு கொடுத்து வாங்குவது ஒரு காரியம். அதன் பதிவைத் தன் பெயருக்கு மாற்றுவது இன்னொரு காரியம். தெஹியோவிட்ட, தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் முச்சக்கரவண்டியோ மோட்டார் சைக்கிளோ கைமாறும்போது முதற்காரியத்தோடு நின்றுவிடுவோர் பலர். விற்பவர் திகதியிடாத படிவத்தில் கையொப்பமிட்டு, அடையாள அட்டைப் பிரதியையும் வாகனப் புத்தகம் எனப்படும் பதிவுச் சான்றிதழையும் கொடுத்துவிடுகிறார். இதைத்தான் ‘ஓபன் பேப்பர்’ என்கிறார்கள். அதே காகிதக் கட்டு மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் போகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் மட்டும் முதலாமவரின் பெயரே நிற்கிறது.

விற்றவருக்கு இதனால் வரும் கேடு பெரிது. வண்டி யாரையாவது மோதிவிட்டு ஓடினாலும், அதில் கசிப்பு கடத்தப்பட்டாலும், பொலிஸார் இலக்கத் தகட்டை வைத்துத் தேடிவருவது பதிவு உரிமையாளரைத்தான். ‘எப்போதோ விற்றுவிட்டேன்’ என்று வாயால் சொன்னால் போதாது. விற்றதைக் காட்டும் பத்திரம் வேண்டும். அஸ்வெசும கொடுப்பனவுக்கான அளவுகோல்களில் குடும்பத்தின் சொத்து விபரமும் ஒன்று. கையில் இல்லாத வண்டி பேரில் இருந்தால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

வாங்கியவரின் நிலைமையும் பாதுகாப்பானதல்ல. பதிவு உரிமையாளர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்டால் அவருடைய கையொப்பத்தையும் அடையாள அட்டையையும் பெறுவது பெரும்பாடு. அவர் இறந்துவிட்டாலோ, ஒப்பமிட்ட பழைய படிவம் உதவாது. வாரிசுகளைத் தேடி, மாவட்ட நீதிமன்றப் பத்திரங்கள்வரை அலைய நேரும். லீசிங் நிலுவை உள்ள வண்டியென்றால் இன்னும் மோசம். பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனம் முழு உரிமையாளராகக் குறிக்கப்பட்டிருக்கும். தவணை தவறினால், முழுப் பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்தும் வண்டி பறிபோகும்.

சமாதான நீதவான் முன்னிலையில் எழுதிய கடிதம் உரிமையை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை தோட்டங்களில் ஆழமாக இருக்கிறது. அது தவறு. அந்தக் கடிதம் விற்பனைக்கு ஒரு சாட்சி மட்டுமே. பதிவேட்டில் பெயரை அது மாற்றாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருவருக்கும் கடமை விதிக்கிறது. வண்டியைக் கையளித்த 14 நாட்களுக்குள் விற்றவர் எம்.டி.ஏ. 8 படிவத்தின் மூலம் அறிவிக்க வேண்டும்; வாங்கியவர் எம்.டி.ஏ. 6 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செய்ய வேண்டியவை ஒழுங்குப்படி இவை:

முதலாவது, முற்பணம் கொடுக்குமுன் மூலப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். போட்டோப் பிரதியை நம்பக்கூடாது. அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். பதிவு உரிமையாளரின் பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இராவிட்டால் கொடுக்கல் வாங்கலை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து உரிமையை விடுவிக்கும் கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, இரண்டு படிவங்களையும் ஒரே நாளில், இருவரும் நேரில் இருந்து, விற்பனைத் திகதியோடு நிரப்ப வேண்டும். திகதி எழுதப்படாத படிவத்தில் யாரும் கையொப்பமிடக்கூடாது. நண்பரானாலும் உறவினரானாலும் கூடாது.

நான்காவது, விற்றவர் எம்.டி.ஏ. 8 படிவத்தை மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் படிவத்தின் பிரதியையும் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் பொலிஸார் தேடி வந்தால் அவருக்குக் கைகொடுப்பவை இவைதான். வாங்கியவரை நம்பி இந்த வேலையை அவரிடம் ஒப்படைக்கக்கூடாது.

ஐந்தாவது, வாங்கியவர் எம்.டி.ஏ. 6 படிவம், மூலப் பதிவுச் சான்றிதழ், நடப்பு வருமான உத்தரவுப் பத்திரம், இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், தேவையெனில் விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றோடு திணைக்களத்துக்குச் செல்ல வேண்டும். தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டவில் உள்ளது. முன்கூட்டியே நேரம் ஒதுக்கிக்கொள்ளாமல் போனால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் வீண்.

தெஹியோவிட்ட பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரம் பெறுவதை உரிமை மாற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வரி கட்டிய சான்று மட்டுமே. பழைய பெயரிலேயே அதை வருடக்கணக்கில் புதுப்பித்து வந்தாலும் உரிமை மாறாது.

அதிகாரிகள் தரப்பிலும் குறை உண்டு. தமிழில் கேட்டவருக்குச் சிங்களப் படிவத்தை நீட்டி ‘நிரப்பிக்கொண்டு வா’ என்று அனுப்புவது அநீதி. புரோக்கர்கள் பிழைப்பதும் இதனால்தான். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அது மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் அதன் நிலையைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓபன் பேப்பரில் வண்டி வைத்திருப்பவர்கள், பதிவு உரிமையாளர் ஊரிலும் உயிரோடும் இருக்கும்போதே அவரிடம் புதிய படிவங்களில் கையொப்பம் பெற்றுவிட வேண்டும். தாமதக் கட்டணம் விதிக்கப்பட்டாலும் நீதிமன்றச் செலவை விட அது குறைவே. புதிய சான்றிதழ் கிடைத்ததும் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி மூன்றையும் சரிபார்த்து, காப்புறுதியையும் புதிய பெயருக்கு மாற்ற வேண்டும். காப்புறுதி பழைய பெயரிலேயே இருந்தால், விபத்து நாளில் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும்.