மாட்டுப் பொங்கலுக்கு வீட்டிலேயே தோரணம் செய்வோம்



தை மாதம் நெருங்கிவிட்டது. குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன் கணக்கு முடிந்ததும் பொங்கல் பேச்சுதான். வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும், மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் பண்ணணும் என்று ஆளுக்கு ஒரு கவலை. இதோடு சேர்த்து, கடையில் பளபளவென்று தொங்கும் பிளாஸ்டிக் தோரணத்தையும் வாங்கி வந்து கட்டிவிடுகிறோம். விலை குறைவுதானே என்று நினைக்கிறோம். உண்மையிலேயே விலை குறைவுதானா? இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு சகோதரிக்கு நடந்தது

சில வருடங்களுக்கு முன்னால் வேடசந்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நம் குழுச் சகோதரி ஒருவர் கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கினார். மாட்டுப் பொங்கலுக்குக் கொட்டகை முழுக்க சரிகைத் தோரணம் கட்டினார். பண்டிகை முடிந்ததும் அதை அவிழ்த்துக் குப்பைமேட்டில் போட்டார். சோறும் பழத்தோலும் அதோடு கலந்து கிடந்தன. மேயப் போன மாடு எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

சில நாட்களில் மாடு தீனி எடுப்பது குறைந்தது. அசை போடவில்லை. இடது பக்கம் வயிறு உப்பியது. நாட்டு வைத்தியம் பார்த்து இரண்டு நாள் போய்விட்டது. பிறகு கால்நடை மருத்துவர் வந்து, ஆபரேஷன் செய்து, பந்து பந்தாகப் பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார். மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் பால் வற்றிவிட்டது. அந்தச் சகோதரியால் மூன்று தவணை கட்ட முடியவில்லை.

"பத்து இருபது ரூபாய் தோரணம்தாங்க மேடம். மாட்டுக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் கட்டினேன்" என்று அவர் அழுதது இன்னும் என் மனசில் இருக்கிறது.

மாடு ஏன் பிளாஸ்டிக்கைத் தின்கிறது?

மாடு நம்மைப் போல மென்று ருசி பார்த்து விழுங்குவதில்லை. கிடைத்ததை முதலில் விழுங்கிவிட்டு, பிறகு படுத்து அசை போடும். அதனால் தீனியோடு சேர்ந்து வருகிற பிளாஸ்டிக்கும் உள்ளே போய்விடுகிறது. மாட்டு வயிற்றில் 4 அறைகள் உண்டு. முதல் அறையில் தங்கும் பிளாஸ்டிக் செரிக்காது, சாணத்தோடும் முழுதாக வெளியே வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, தீனிக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கட்டுக்கம்பி இவை இன்னும் ஆபத்து. மாட்டின் இரண்டாவது வயிற்று அறை இதயத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே தங்கும் கூர்மையான கம்பி, வயிற்றைத் துளைத்து இதயம் வரை போய்க் குத்தலாம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் கொடி, அலங்காரத்துக்கான தெர்மாகோல் இவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. ஆனாலும் பளபளப்பான தோரணங்கள் சந்தையில் கிடைக்கத்தான் செய்கின்றன. வேண்டாம் என்று சொல்ல வேண்டியது வாங்குகிற நாம்தான்.

நாமே செய்யலாம்

நம் பாட்டிமார் காசு கொடுத்தா தோரணம் வாங்கினார்கள்? காட்டிலும் தோட்டத்திலும் கிடைத்ததை வைத்தே வீட்டை அலங்கரித்தார்கள்.

1. காப்புக்கட்டு: பூளைப்பூ (சிறுபீளை என்றும் சொல்வார்கள்), வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றிலும் ஒவ்வொரு கொத்து எடுத்துக்கொள்ளுங்கள். காம்புகளை ஒன்று சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டுங்கள். போகி அன்று வாசல் நிலை, கூரை முனை, மாட்டுக் கொட்டகை, தோட்டம் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று செருகிவிடலாம். பூளைப்பூவை வேரோடு பிடுங்காமல் ஒடித்து எடுங்கள். விதை விழுந்தால்தான் அடுத்த வருடமும் முளைக்கும்.

2. மாவிலைத் தோரணம்: ஒரே அளவு இலைகளாகப் பார்த்து 11 அல்லது 21 எடுத்துக் கழுவித் துடையுங்கள். வாசல் அகலத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலாகச் சணல் கயிறு எடுங்கள். இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, தென்னை ஈர்க்குத் துண்டால் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு இலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் பார்க்க அழகாக இருக்கும்.

3. குருத்தோலைத் தோரணம்: ஓலையிலிருந்து ஒன்றரை அடி நீளக் கீற்றுகளாக எடுங்கள். கீற்று நடு ஈர்க்கில் இரண்டாக மடிந்தபடியே இருக்கட்டும். திறந்த பக்கத்திலிருந்து ஈர்க்கை நோக்கிக் கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். ஈர்க்கு வரை போகாமல் அரை விரல் முன்பே நிறுத்த வேண்டும். ஒரு விரல் இடைவெளியில் இப்படியே கடைசி வரை வெட்டினால் இறகு மாதிரி வரும். மேல் முனையை மடித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் நாள் இரவே செய்தால் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள், வாடாது.

குருத்து எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அதில் வெட்டு விழுந்தால் மரமே பட்டுப்போகும். பழக்கப்பட்ட மரம் ஏறுபவரை வைத்து எடுங்கள். காய்க்கிற மரத்தில் அடிக்கடி எடுக்க வேண்டாம். எப்படியும் வெட்டப் போகிற மரம் இருந்தால் அதிலிருந்து எடுப்பது நல்லது.

4. வெட்டுத்துணித் தோரணம்: தையல் செய்யும் சகோதரிகளிடம் வெட்டுத்துணி நிறைய மிஞ்சும். முக்கோணமாக வெட்டி, ஓரம் அடித்து, நாடாவில் வரிசையாகத் தைத்துவிடுங்கள். துவைத்து எடுத்து வைத்தால் பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான், பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் இது வீட்டுக்குள் மட்டும்தான். துணியும் மாட்டுக்கு ஆகாது.

5. கோலம்: வாசலைச் சாணம் தெளித்து மெழுகி, பச்சரிசி மாவில் கோலம் போட்டு, சுற்றிலும் காவி கட்டுங்கள். எறும்புக்கும் குருவிக்கும் அது உணவு.

மாட்டை அலங்கரிக்கும்போது

- வேப்பிலை, ஆவாரம்பூ, செவ்வந்தியைப் பருத்தி நூலிலோ வாழைநாரிலோ கட்டி மாலையாகப் போடுங்கள்.
- அரளி மாலை வேண்டவே வேண்டாம். அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே மாட்டுக்கு விஷம். சாமிக்குப் போட்ட அரளி மாலையையும் மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள்.
- கொம்புக்கு பெயின்ட் அடிப்பதற்குப் பதிலாக மஞ்சளும் காவியும் பூசலாம்.
- பலூன், சரிகைத் தாள் இரண்டும் கழுத்தில் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் மாடு இழுத்துத் தின்றுவிடும்.

பண்டிகை முடிந்த பிறகு

இலைத் தோரணங்களை அவிழ்த்து, கயிற்றைத் தனியாக எடுத்துவிட்டு, மீதியை எருக்குழியில் போடுங்கள். கொஞ்ச நாளில் மக்கி உரமாகும். ஏற்கெனவே வீட்டில் பிளாஸ்டிக் தோரணம் இருந்தால் போகியில் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் கெடுதல். தனியாகக் கட்டி வைத்துத் தூய்மைக் காவலரிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்கேயாவது மாடு தீனி எடுக்காமல், அசை போடாமல், வயிறு உப்பி நின்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். என்ன தின்றது என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் பார்த்தால் மாட்டைக் காப்பாற்றலாம்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். "இந்தப் பொங்கலுக்கு எங்கள் குழுவில் யாரும் பிளாஸ்டிக் தோரணம் கட்ட மாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓலை பின்னத் தெரிந்த பாட்டி உங்கள் ஊரில் கட்டாயம் ஒருவர் இருப்பார். போகிக்கு முந்தின நாள் பிள்ளைகளோடு அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். தோரணமும் தயாராகும், கைவேலையும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

அனைவருக்கும் பொங்கல், மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள்!

– கள ஒருங்கிணைப்பாளர், வேடசந்தூர்