தங்கவயல் மாணவர்க்கு வேளாண் கல்வி உதவித்தொகை

கோலார் தங்கவயலில் வாழும் தமிழர் பலரின் முன்னோர் சுரங்கத் தொழிலை நாடி வந்தவர்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் சென்று திரும்புவோர் பலராயினர்.

தங்கம் எடுப்பது நின்றாலும், கோலார் மாவட்டத்தின் மண் இன்றும் பொருள் தருகிறது. கோலார்ச் சந்தையின் தக்காளி பல மாநிலங்களுக்குச் செல்கிறது. சீனிவாசபுரம் மாம்பழத்திற்குப் பெயர்பெற்றது. ஆயினும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இம்மாவட்டத்தில் இல்லை. ஏரிகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியே உழவு நடைபெறுகிறது. குறைந்த நீரில் நிறைந்த விளைச்சல் பெறுவது எவ்வாறு? சயனைடு கலந்த சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து புழுதி பறவாமல் தடுக்க எச்செடிகளை வளர்க்கலாம்? இத்தகைய வினாக்களுக்கு விடை காண வேளாண்மையும் தோட்டக்கலையும் கற்றவர்கள் தேவை.

“எங்களுக்கு நிலமே இல்லையே, நாங்கள் வேளாண்மை படிக்க இயலுமா?” என்னும் ஐயம் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் எழுவது இயல்பு. இயலும் என்பதே விடை. உழவர் பிள்ளைகளுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு மட்டுமே நிலச் சான்று வேண்டும். மற்ற இடங்களுக்கு நிலம் தேவையில்லை. பி.யூ.சி. வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைக் கற்று, மாநிலப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கணிதத்தையும் சேர்த்துப் படிப்பது நன்று. கோலாரில் தோட்டக்கலைக் கல்லூரியும், பெங்களூரில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் உள்ளன. பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் நடைபெறும்.

படிப்புச் செலவுக்குத் துணைபுரியும் திட்டங்கள் சிலவற்றை அறிந்துகொள்வோம்.

முதலாவது, பட்டியல் வகுப்பு மாணவர்க்குப் பத்தாம் வகுப்புக்குப் பின் வழங்கப்படும் உதவித்தொகை. 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். பிற்பட்ட வகுப்பினர்க்கும் சிறுபான்மையினர்க்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு.

இரண்டாவது, கர்நாடக அரசு 2021-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரைத வித்யா நிதி’. உழவர் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் வேளாண் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே, நிலமில்லாவிடினும் பெற்றோர் வயல்வேலை செய்பவராயின், இத்திட்டம் நடப்பில் உள்ளதா என்று கேட்டறிந்து இதனை நாடலாம்.

மூன்றாவது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திறன் உதவித்தொகை. அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாகத் தம் மாநிலத்திற்கு வெளியேயுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்வோர்க்கு இது வழங்கப்படுகிறது. இவ்வழியில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிலவும் வாய்ப்புண்டு.

தகுதியிருந்தும் உதவித்தொகை கைநழுவுவதற்குச் சிறு முரண்பாடுகளே பெரும்பாலும் காரணமாகின்றன. தமிழர் பெயரில் தலைப்பெழுத்து வருவது வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ‘மு. செல்வி’ என்றும், ஆதார் அட்டையில் ‘செல்வி முருகன்’ என்றும் இருப்பின், இரண்டும் ஒருவரைக் குறிப்பதைக் கணினி உணராது. எனவே பத்தாம் வகுப்பில் பயிலும்போதே பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் உள்ளதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்தலும் இன்றியமையாதது.

சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் தாசில்தார் அலுவலகத்தில் முன்னரே பெற்றுவிடுக. அவற்றில் அச்சிடப்பட்டுள்ள எண்ணை மாநில உதவித்தொகை இணையதளத்து விண்ணப்பத்தில் பிழையின்றி இடுதல் வேண்டும். விண்ணப்பித்ததோடு பணி முடிவதில்லை. கல்லூரி அதனைச் சரிபார்த்ததா என்று கேட்டறிக. தொகை வந்துசேரக் காலம் ஆகலாம். ஆதலின் தொடக்கச் செலவிற்குக் குடும்பத்தினர் முன்கூட்டியே திட்டமிடுதல் நலம். ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் விண்ணப்பித்தலை மறத்தலாகாது.

உதவித்தொகை பெறுவது இரந்து பெறுவதன்று. கற்க விழையும் மாணவர்க்கு அரசு வகுத்துள்ள உரிமை அது. உரிய காலத்தில், உரிய சான்றுகளுடன் கேட்பதே நம் கடமை.

பயிற்சி

1. நிலமில்லாதோரும் வேளாண்மை கற்க இயலும் என்பதை விளக்குக.
2. ‘கைநழுவுதல்’, ‘இன்றியமையாதது’ ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
3. உங்கள் பெயர் மூன்று ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று பார்த்து அட்டவணைப்படுத்துக.
4. வருமானச் சான்று வேண்டித் தாசில்தாருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.