பெருக்கினால் தங்கம்... கூட்டினால் பதக்கமே இல்லையா?

100 மீட்டர் ஓட்டத்தில் யார் முதலாவது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். மூன்று வெவ்வேறு திறன்களைச் சேர்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கணும்னா?

தேசிய சேவையாளர்களுக்கு ஐபிபிடி உடலுறுதிச் சோதனை பழக்கமானது. தண்டாலுக்கு அதிகபட்சம் 25 புள்ளி, சிட்-அப்புக்கு 25, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 50. ஓட்டத்துக்கு ஏன் இரு மடங்கு? விதியை வகுத்தவர்கள் அதை அவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள். இப்படிப் பல அம்சங்களை எடைபோட்டு ஒரே முடிவுக்கு வருவதுதான் 'பல அளவுகோல் முடிவெடுப்பு' முறை.

எடை மட்டுமல்ல, எப்படிச் சேர்க்கிறோம் என்பதும் முடிவை மாற்றும்.

தோக்கியோவில் என்ன நடந்தது?

2021 ஆகஸ்ட் 5. ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்ற சுவரேறும் போட்டியின் ஆண்கள் இறுதிச்சுற்று. வேகமாக ஏறுவது, கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் போல்டரிங், கயிற்றுடன் முடிந்தவரை உயரம் ஏறும் லீட் என மூன்று பிரிவு. மூன்றிலும் பெற்ற இடங்களைப் பெருக்கணும். குறைந்த எண் எடுத்தவருக்குத் தங்கம்.

ஸ்பெயினின் 18 வயது அல்பெர்ட்டோ ஜினெஸ் லோப்பெஸ்: 1×7×4=28. தங்கம்!

அமெரிக்காவின் நத்தேனியல் கோல்மன்: 6×1×5=30. வெள்ளி.

ஆஸ்திரியாவின் யாகொப் ஷுபெர்ட்: 7×5×1=35. வெண்கலம்.

ஜப்பானின் தோமோவா நராசாக்கி: 2×3×6=36. ஒரே புள்ளியில் பதக்கம் போச்சு.

இப்போ பெருக்காமல் கூட்டிப் பாருங்க. நராசாக்கிக்கு 11, ஜினெசுக்கும் கோல்மனுக்கும் 12, ஷுபெர்ட்டுக்கு 13. தங்கம் நராசாக்கிக்கு! ஷுபெர்ட்டுக்குப் பதக்கமே கிடையாது.

காரணம் எளிது. ஒன்றால் பெருக்கினால் எண் கூடாது. அதனால் ஏதாவது ஒன்றில் முதலிடம் பிடித்தவருக்கு லாபம். கூட்டினால், எல்லாவற்றிலும் ஓரளவு நல்லா செய்தவர் முந்துவார்.

அடுத்தவர் ஏறினால் என் இடம் மாறுமா?

மாறியது. செக் குடியரசின் ஆடம் ஓண்ட்ரா லீட்டில் இரண்டாவது: 4×6×2=48, ஆறாமிடம். ஷுபெர்ட் அவரைவிட உயரம் ஏறாமல் இருந்திருந்தால் 4×6×1=24. தங்கமே ஓண்ட்ராவுக்குத்தான்! ஓண்ட்ராவும் ஜினெசும் எதையும் மாற்றிச் செய்யவில்லை. மூன்றாமவர் ஏறிய உயரம் இருவரின் வரிசையைத் திருப்பிவிட்டது. கொஞ்சம் அநியாயம்தான்.

2024 பாரிசில் வேகப்பிரிவுக்குத் தனிப் பதக்கம் வந்தது. மற்ற இரண்டுக்கும் தலா 100 புள்ளி. இடத்துக்கு அல்ல, ஏறிய அளவுக்கே புள்ளி. கூட்டினால் போதும். அடுத்தவர் ஏறுவதால் உங்கள் புள்ளி மாறாது.

ஆனா கூட்டல் முறைக்கும் ஒரு விலை உண்டு. பெண்கள் இறுதிச்சுற்றில் லீட்டில் ஆக அதிகப் புள்ளி எடுத்தவர் ஜப்பானின் மோரி அய். போல்டரிங்கில் பின்தங்கியதால் அவருக்குக் கிடைத்தது நான்காமிடம்.