சவுக்கா, கறவை மாடா?

ஒரு சிறு குடியானவனிடம் ஓர் ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. அதில் சவுக்கு வைப்பது இலாபமா, அல்லது தீவனப்புல் வளர்த்து இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொள்வது இலாபமா? மாணவர்கள் இதனைக் கணக்குப் புத்தகத்து வினாவாக எண்ணிவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் பல குடும்பங்கள் நேர்முகமாகச் சந்திக்கும் வினா இது.

சவுக்கு நம் மண்ணில் பிறந்த மரமன்று. சோழமண்டலக் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக அது பெருகியது. வேரிலுள்ள நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், செய்யூர்ப் பக்கத்து வெறும் மணலிலும் அது ஓங்கி வளர்கிறது. முதல் ஓரிரண்டு ஆண்டுகள் நீரூற்றிக் களையெடுத்தால், பிறகு அதிகம் கவனிக்க வேண்டியதில்லை. நான்காம் ஆண்டில் வெட்டலாம். கட்டடச் சாரத்துக்குக் கழியாகவும், காகித ஆலைக்குக் கூழ்மரமாகவும் அது விலை போகிறது.

ஆனால் அந்த நான்கு ஆண்டுகளும் அடுப்பு எரியவேண்டுமே! நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் பெற்றவனைக் கருதுங்கள். வட்டிக்கு வட்டி சேராமலே, இன்று வாங்கிய 100 ரூபாய் 48 மாதங்களில் 196 ரூபாய்க் கடனாகிவிடுகிறது. மரம் வளரும் வேகத்தைவிடக் கடன் வளரும் வேகம் மிகுதியானால், தோப்பு வெட்டப்படும் நாளில் பணம் வேறொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். காற்றும் ஓர் இடர். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கத்தில் முந்திரியையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்ததை நாம் அறிவோம்.

பசுவின் கணக்கு வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குக் கொழுப்பும் பிற சத்தும் அளந்து, குறுகிய தவணைகளில் பணம் வருகிறது. எனினும் அது வெறும் வரவன்று. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 400 கிராம் அடர்தீவனம் வேண்டும்; உடலைக் காக்க ஒரு கிலோவுக்கு மேல் தனியே வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் பசு நாள்தோறும் ஐந்து கிலோ தின்றுவிடும். ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்றும், பசி வற்றாது. வைகறையிலும் மாலையிலும் கறக்க ஓர் ஆள் வீட்டிலிருக்க வேண்டும்.

இங்கேதான் தொழிற்சாலை குறுக்கிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்திலும் ஆலைகள் வளர்ந்தன. மகன் இரவு முறை வேலைக்குப் போய்விட்டால் கறப்பவர் யார்? மாதச் சம்பளம் உள்ள வீடு மரத்துக்காகக் காத்திருக்க வல்லது. ஆளும் கேளாத பயிர் அதற்கு ஏற்றது. சம்பளமில்லாத வீட்டுக்கோ பசுவே துணை. ஆகவே இலாபக் கணக்கைவிட, அந்த வீட்டில் எத்தனை கைகள் ஓய்ந்திருக்கின்றன என்பதே முதலில் கேட்க வேண்டியது என்பது என் கருத்து.

ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர் நிலை இன்னும் நுட்பமானது. அவர் மாடு ஏரிக்கரையிலும், அறுவடை முடிந்த வயலிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும் மேய்கிறது. அண்டை வயல் சவுக்குத் தோப்பாக மாறினாலும், புறம்போக்கு ஆலைச் சுற்றுச்சுவருக்குள் போனாலும், அவருக்கு யாரும் இழப்பீடு தருவதில்லை. மறுநாள் முதல் வைக்கோலை விலைக்கு வாங்க வேண்டியதாகிறது.