தண்ணீர் கொணர்ந்த மாயக்காள்

அமெரிக்க தேசத்தின் சுதந்திர சரித்திரத்தைப் படித்த நேயர்கள் பாஸ்டன் நகரத்துத் துப்பாக்கிப் பிரயோகத்தை அறிவார்கள். 1770-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி இரவு பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். முதலில் விழுந்தவனாகக் கருதப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க இரத்தமும் அந்நாட்டுப் பழங்குடி இரத்தமும் கலந்த ஒரு கப்பல் தொழிலாளி. அந்த ஐவருக்கும் பாஸ்டனில் ஞாபகச் சின்னம் எழும்பியது 1888-ம் வருஷத்தில்தான். ஏழைகளின் பெயரை எழுதுவதில் சரித்திரம் எங்கும் சோம்பல் உடையதே.

நமது நாட்டிலும் அப்படித்தான். கம்பம் பள்ளத்தாக்கில் ஓடைப்பட்டியின் திராட்சைப் பந்தல்களை விட்டுப் புறப்பட்டு, தேனியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் கடந்தால் உசிலம்பட்டிச் சீமை வருகிறது. அச்சீமையைச் சேர்ந்த சிற்றூர் பெருங்காமநல்லூர்.

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது எந்த ராஜ்யத்துக்கும் உள்ள நீதி. பிறப்பையே குற்றமாக்கியது 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். அது பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்தது. பதிவேட்டில் ஏறிய ஆண்மகன் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் போலீஸார் காவலில் படுக்க வேண்டும். சீட்டின்றி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டிய குடியானவனும், வீட்டில் நோயாளியை விட்டு வந்தவனும் இதற்கு விலக்கல்லர்.

இந்த இழிவுக்கு உடன்பட மாட்டோம் என்று பெருங்காமநல்லூரார் மறுத்து நின்றனர். 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி ஆயுதப் போலீஸார் அவ்வூருக்குள் புகுந்தனர். துப்பாக்கிகள் வெடித்தன. மாண்டவர் 16 பேர். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஓராண்டு நிறைவதற்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன.

அந்தப் பதினாறு பேரில் ஒருவர் ஸ்திரீ. மாயக்காள் என்பது அவர் பெயர். குண்டடி பட்டுத் தாகத்தால் துடித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்ற அந்த அம்மையாரையும் கொன்றார்கள். அவர் கையில் இருந்தது தண்ணீர், ஆயுதம் அன்று.

அக்காலத்தில் இச்சமூகத்துக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப். மலையாள நாட்டில் பிறந்து மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்ட அவரை, ஜனங்கள் ‘ரோசாப்பூத் துரை’ என்று அன்புடன் அழைத்தனர். 1938-ல் அவர் காலமானார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல். அதைக் காண அவர் இல்லை.

இன்று பெருங்காமநல்லூரில் நினைவுத் தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ந் தேதி ஜனங்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆயினும் அந்த வட்டாரத்துக்கு வெளியே அப்பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? பாஸ்டனைப் பாடமாகப் படிக்கும் நம் குழந்தைகளுக்குப் பெருங்காமநல்லூரையும் நாம் சொல்ல வேண்டாமா? தாகத்துக்குத் தண்ணீர் ஏந்திச் சென்றவரை மறந்து விடுகிற ஜனசமூகம், தன் சுதந்திரத்தின் விலையையும் மறந்து விடும்.