கபடியில் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை

பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்கச் சேருகிறவருக்கு முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கையோ கழுத்தோ பிடியில் சிக்கி, இனித் தாங்காது என்று பட்டால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய நொடியில் பிடித்தவர் விட்டாக வேண்டும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், தட்டியவரைக் கோழை என்று சொல்லவும் மாட்டார்கள். நம் கபடியில் இப்படி ஒரு விதி கிடையாது. பாடிப் போனவரின் கணுக்காலை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தொடையைக் கட்ட, மற்றவர்கள் மேலே விழ, நடுவர் விசில் ஊதும்வரை அவர் அடியில் கிடக்க வேண்டியதுதான். முழங்கால் முறுகுவதை அவர் உணர்ந்தாலும் நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அது நடுவரிடமும் பயிற்சியாளரிடமும் போட்டி நடத்தும் குழுவிடமும் இருக்கிறது. நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ காயத்துக்கான பொறுப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நம் ஊர்களில் அந்தப் பொறுப்பு முழுவதும் ஆடுகிற பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் இதைப் பேச இப்போது காரணம் இருக்கிறது. பக்கத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வென்றார். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா வென்றார். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதற்கு முன்பே திருச்சனம்பூண்டியிலிருந்து போன தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் ஆடினார். இதையெல்லாம் பார்த்த பிள்ளைகள் களத்துக்கு வருகிறார்கள். வரட்டும். ஆனால் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் களிமண் தரையில், ராத்திரி போக்கஸ் லைட் வெளிச்சத்தில், மூன்று மாதப் பயிற்சியோடு இறங்குகிறவனுக்கும் சேரலாதனுக்கும் இடையில் உள்ள தூரத்தை யாராவது சொல்ல வேண்டும். போட்டி நோட்டீசில் ‘65 கிலோ’ என்று போட்டால் அதற்கு மேல் இருப்பவர் ஆட முடியாது என்றுதான் பொருள். 45 கிலோ பையன் உள்ளே வருவதை அது தடுப்பதில்லை. எடைப்பிரிவு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் பாதிப் பாதுகாப்புதான்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு உடம்பு வலிக்கத்தான் செய்யும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழக்கமில்லாத தசை வேலை செய்தால் ஒரு நாள் கழித்து வலி ஏறி, சில நாளில் இறங்கும். இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனக்கும், நடக்க நடக்கக் குறையும். இதற்கு மருந்து வேண்டாம், மறுநாள் ஆட்டத்தைக் குறைத்தால் போதும். காயத்தின் வலி வேறு. ஒரே இடத்தில் குத்தும், வீங்கும், அசைத்தால் கூடும், ராத்திரி எழுப்பிவிடும். கணுக்கால் பிசகினால் ஒரு எளிய சோதனை உண்டு. நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டியின் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் காலை உயர்த்தி வைத்து, இறுக்கமில்லாமல் கிரேப் பேண்டேஜ் சுற்றி, துணியில் பொதிந்த ஐஸை ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். ஐஸுக்கு அலைய வேண்டியதில்லை, மீன்காரரிடம் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் தைலம் போட்டு நீவுவதும் கூடாது. வீக்கம் அதிகமாகும்.

கபடியின் பெரிய எதிரி முழங்கால். பாடி வந்தவர் திரும்பும்போது பாதம் மண்ணில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் சுழன்றால், மூட்டுக்குள் கயிறுபோல் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் அறுந்துவிடலாம். மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பது இதைத்தான். ‘டப்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்துக்குள் மூட்டு முழுக்க வீக்கம். ஏமாற்றம் இதற்குப் பிறகுதான். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், தசைநார் தெரியாது. ‘எலும்பு நல்லாருக்கு, ஒண்ணுமில்ல’ என்ற வார்த்தையோடு வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, வயலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து, சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி களத்தில் இறங்குகிறான். நேராக நடக்க அந்தத் தசைநார் அதிகம் தேவைப்படாது, சட்டென்று திரும்பத்தான் தேவை. இரண்டாவது முறை முட்டி நழுவும்போது உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிகிறது. முதல் காயத்தோடு நிறுத்தியிருந்தால் பத்து வருடம் ஆடியிருக்க வேண்டியவனின் ஆட்டம் அங்கே முடிகிறது. முப்பது வயதில் நாற்றங்காலில் குந்தி உட்கார முடியாமல் போவதும் இதன் பின்விளைவாக வரலாம். ஆகவே சத்தம், உடனடி வீக்கம், நழுவல் மூன்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவர் கையால் சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்பக் கூடாது. அடுத்த மாதம் ஊர்த் திருவிழாப் போட்டி இருக்கிறது என்பது மருத்துவக் காரணம் ஆகாது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ‘எங்க அப்பா காலத்துல கட்டுக் கட்டித்தான் சரியாச்சு. சுளுக்கு வழிச்சா ஒரே நாள்ல எழுந்து நடப்பாங்க.’ இதில் உண்மை இல்லாமல் இல்லை. விலகாத எலும்பு முறிவுக்கு அசையாமல் வைத்திருப்பதே பாதி வைத்தியம், அதை நாட்டுக் கட்டும் செய்கிறது. புத்தூர் கட்டுக்கு வந்த பெயர் அப்படி வந்ததுதான். சிக்கல் எதில் என்றால், எலும்பு விலகியிருக்கிறதா, மூட்டுக்குள் முறிந்திருக்கிறதா என்பதைக் கையால் தடவி மட்டும் சொல்லிவிட முடியாது. முறிந்த முழங்கையை எண்ணெய் போட்டு வலுவாக நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். விரல் சில்லிட்டால், வெளுத்தால், மரத்தால், இன்னொருவர் விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், விடியட்டும் என்று காத்திராமல் கட்டை அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோள் மூட்டு கழன்றால் களத்திலேயே இழுத்து மாட்டுகிற வீரவிளையாட்டும் வேண்டாம். நரம்பும் ரத்தக்குழாயும் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன. மெடிக்கலில் வலி ஊசி போட்டுக்கொண்டு அடுத்த சுற்றுக்கு இறங்குவது எல்லாவற்றையும்விட மோசம். ‘நிறுத்து’ என்று உடம்பு சொல்வதை அந்த ஊசி அழுத்திவிடுகிறது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அதே மருந்து சிறுநீரகத்தையும் தாக்கும்.

2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த கபடிப் போட்டியில் கல்லூரி மாணவர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்தார். அந்தக் காட்சி கைப்பேசிகளில் பல நாள் சுற்றியது. அத்தகைய மரணம் அபூர்வம்தான். ஆனால் களத்தில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் செய்ய வேண்டியது என்ன என்று குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தலையில் அடிபட்டு ஒரு நொடி மயங்கினாலும், ஸ்கோர் மறந்தாலும், குமட்டினாலும் அன்று அவருக்கு ஆட்டம் கிடையாது. வாந்தி தொடர்ந்தால், தூக்கம் சொக்கினால், தலைவலி ஏறினால் ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்பவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவது உதவி ஆகாது, அசைக்காமல் விட வேண்டும். மண் புகுந்த காயத்துக்கு, கடைசி டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

இனி உரிமைக்கு வருவோம். ‘காயம் ஏற்பட்டால் விழாக்குழு பொறுப்பல்ல’ என்று நோட்டீசின் அடியில் ஒரு வரி இருக்கும். சில இடங்களில் கையெழுத்தும் வாங்குவார்கள். அந்த வரியைப் பார்த்தே பல குடும்பங்கள் வாய்மூடிவிடுகின்றன. சட்டம் அவ்வளவு எளிதாக யாரையும் விடுவிப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 87, விளையாட்டில் சம்மதத்தோடு படும் அடியைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் அதற்கு வரம்புகள் உண்டு. சம்மதிக்கிறவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மரணமோ கொடுங்காயமோ விளையும் என்று தெரிந்து செய்த செயலுக்கு அந்தக் காப்பு கிடையாது. சட்டப் புத்தகம் தரும் வாள்சண்டை உதாரணமே நேர்மையாக ஆடும்போது ஏற்படும் காயத்தைத்தான் மன்னிக்கிறது. கபடி விதி கால்களால் கத்தரிபோட்டுப் பிடிப்பதையும், வாயைப் பொத்துவதையும், முரட்டுத்தனமாகத் தாக்குவதையும் தடுக்கிறது. அப்படித் தடுத்ததைச் செய்தவர் சம்மதத்தின் பின்னால் ஒளிய முடியாது. அதற்காகப் பிள்ளைகள் விளையாட்டில் படும் ஒவ்வொரு அடிக்கும் போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லாரும் கவனமாக இருந்தும் நேர்ந்தது விபத்து. களத்தில் கல் கிடந்தது, வலிக்கிறது என்றவனை அடித்து இறக்கினார்கள் என்றால் அது அலட்சியம், அல்லது அதைவிட மோசம். பயிற்சி என்ற பெயரில் சிறுவனைப் பிரம்பால் விளாசினால் அதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

காயம் பட்டவரின் முதல் உரிமை சிகிச்சை. அவசர நிலையில் வந்தவரைத் தனியார் மருத்துவமனையும் முதலுதவி கொடுக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைக்குப் போனால் அடிபட்டது எப்படி என்பதை உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். ‘வீட்டில் வழுக்கி விழுந்தான்’ என்று விழாக்குழுவைக் காப்பாற்றச் சொல்லும் பொய் பிற்பாடு எல்லாக் கதவையும் அடைத்துவிடும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குவிதி. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். தனியாரிடம் அறுவை சிகிச்சை என்றால், ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டையை அடிபடுவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையில் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்கானது, களத்துக் காயத்துக்குச் செல்லாது. வங்கியில் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், தசைநார் அறுந்ததற்கு அதில் ஒரு பைசா வராது.

‘நன்கொடை வாங்கி ஊருக்காக நடத்துறோம். இவ்வளவு சட்டம் பேசினா யாரும் கபடியே நடத்த மாட்டாங்க’ என்று விழாக்குழுவினர் சொல்வார்கள். அவர்கள் கவலை நியாயமானது. கபடியை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்களே. ஆனால் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை: உழுது தண்ணீர் தெளித்துக் கல் பொறுக்கிய தரை, ஐஸ் பெட்டி, கை கால் அசையாமல் கட்டச் சிம்பு, ஸ்ட்ரெச்சர், ஓட்டுநரோடு நிற்கும் ஒரு வண்டி, இன்றைக்கு இவன் ஆட வேண்டாம் என்று சொன்னால் அணித்தலைவர் எதிர்பேச முடியாத ஒரு நர்ஸ் அல்லது மருத்துவர். சுழற்கோப்பையின் உயரத்தை ஒரு அடி குறைத்தாலே இதில் பாதி முடிந்துவிடும். கட்டணம் வாங்கும் அகாடமிகள் நன்கொடைப் பேச்சைப் பேச முடியாது. பணம் வாங்கிச் சொல்லிக் கொடுப்பது சேவை. அதில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இலவசப் பயிற்சிக்கு அந்த வழி இல்லை, அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்டு சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். சொந்த ஊர்க்காரர் மேல் வழக்குப் போட யாருக்கும் மனம் வராது. அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டாலோ நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தாலோ இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே அங்கே வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். மருத்துவச் செலவை விழாக்குழு தவணையாகக் கொடுப்பதாக அங்கே எழுதிக் கையெழுத்தாகி, லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பாகப் பதிவானால் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள பலம் அதற்கும் உண்டு.