9 டெஸ்ட், 20 வருட மைக், ஒரு ட்வீட்

ஆடி ஓய்ந்த கிரிக்கெட் வீரர்கள் வர்ணனைக்குப் போவது இன்று சாதாரணம். ரிட்டயர் ஆன மறு வாரமே டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது வேலை ஒரு மனிதருக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை? இதைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்டது எல். சிவராமகிருஷ்ணன், நம்ம 'சிவா'வின் கதை.

பிறந்தது 1965 டிசம்பர் 31, மெட்ராஸில். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் டெஸ்ட். வயது 17 தான். அதுவரை இந்தியாவுக்கு அவ்வளவு சின்ன வயதில் யாரும் டெஸ்ட் ஆடியதில்லை. அடுத்த வருடம் பம்பாயில் இங்கிலாந்தை எடுத்துக்கொண்டார். முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6. அடுத்த டெல்லி டெஸ்டில் இன்னொரு 6. 1985 மார்ச்சில் மெல்போர்னில் பாகிஸ்தானோடு நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 3 விக்கெட். மியாண்டாத் கிரீஸை விட்டு இறங்கி வர, சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்ததை அந்தத் தலைமுறை ஆட்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் பந்து கையில் நிற்கவில்லை. லைன் போச்சு, லெங்த் போச்சு. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதே கடைசி டெஸ்ட். அப்போது வயது 20. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அதில் 23 அந்த ஒரு இங்கிலாந்து தொடரில் எடுத்தவை. மற்றவர்கள் ஆரம்பிக்கிற வயதில் இவருக்கு டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது.

2000 நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷ் தன் முதல் டெஸ்டை இந்தியாவோடு ஆடியது. சிவா வர்ணனையாளராக உட்கார்ந்தது அதில்தான்.

இங்கே ஒரு விஷயம். ரேடியோ வர்ணனையும் டிவி வர்ணனையும் வேறு வேறு தொழில்கள். வானொலியில் அப்துல் ஜப்பார் மாதிரி ஆட்கள் தமிழில் பேசியபோது, மைதானத்தையே வார்த்தையால் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு டெஸ்ட் ஆடியிருக்கத் தேவையில்லை, மொழி வேண்டும். டிவியில் படம் கண்முன்னே ஓடுகிறது. பந்து திரும்பியதை எல்லோரும் பார்த்துவிட்டோம். ஏன் திரும்பியது என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். முன்னாள் வீரரின் வேலை அந்த 'ஏன்'.

லெக் ஸ்பின்னில் அந்த 'ஏன்' மணிக்கட்டில் இருக்கிறது. சாதாரண லெக் பிரேக்கில் பந்து மோதிர விரலை உரசிக்கொண்டு வெளியே வந்து, வலதுகை ஆட்டக்காரருக்கு வெளிப்பக்கமாகத் திரும்பும். மணிக்கட்டை இன்னும் சுற்றி, புறங்கை ஆட்டக்காரரைப் பார்க்கிற மாதிரி விட்டால் கூக்ளி. அது உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவில் விட்டால் டாப் ஸ்பின். திரும்பாது, ஆனால் சட்டென்று இறங்கி எகிறும். பதினேழு வயதில் இதையெல்லாம் டெஸ்டில் போட்டுப் பார்த்து, இருபதில் இழந்தும் பார்த்தவர் சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டுதானே?

அப்படிச் சுமார் இருபது வருடம் பேசினார். 2021 நவம்பரில், அஸீம் ரஃபீக் யார்க்ஷயர் கிளப்பில் தான் பட்ட இனவெறியைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சொன்ன அதே மாதம், சிவா ட்விட்டரில் ஒரு வார்த்தை எழுதினார். வாழ்நாள் முழுக்கத் தன் நிறத்தை வைத்துத் தன்னைப் பாகுபடுத்தியிருக்கிறார்கள், இனி அது தன்னைத் தொடுவதில்லை, இது நம் நாட்டிலேயே நடக்கிறது என்பது அதன் சாரம்.

இவர் மட்டுமில்லை. சென்னையின் அபினவ் முகுந்த், 7 டெஸ்ட் ஆடியவர், பின்னாளில் அவரும் வர்ணனையாளர். 2017 ஆகஸ்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கடிதம் வெளியிட்டார். சின்ன வயதிலிருந்தே தன் நிறத்தைப் பற்றி ஆட்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்ததாகவும், வெள்ளையாக இருப்பது மட்டுமே அழகு இல்லை என்றும் சொன்னார். அணி வீரர்களை அல்ல, வலைத்தளங்களில் கேலி செய்பவர்களைச் சொல்கிறேன் என்று விளக்கமும் கொடுத்தார்.

இப்போது மைக்கேல் ஹோல்டிங்கைப் பாருங்கள். 60 டெஸ்ட், 249 விக்கெட், பிறகு ஸ்கை டிவி வர்ணனையாளர். 2020 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் மழையால் ஆட்டம் தள்ளிப்போன நேரத்தில், இனவெறி எப்படி வேலை செய்கிறது என்று நேரலையிலேயே விளக்கினார். மறுநாள் இன்னொரு பேட்டியில், அப்பா ரொம்பக் கறுப்பு என்பதற்காக அம்மாவின் வீட்டார் அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லும்போது உடைந்துவிட்டார். கறுப்பர்களுக்குள்ளேயே நிறம் பார்த்த கதை அது. நமக்குப் புதுசா என்ன?

என் கண்ணில் படும் வித்தியாசம் இதுதான். ஹோல்டிங் பேசியது ஒளிபரப்பு நிறுவனமே ஒதுக்கிக் கொடுத்த நேரத்தில், அவருடைய வேலை நேரத்தில். சிவாவும் அபினவும் எழுதியது தங்கள் சொந்தக் கணக்கில். டிவி மைக் முன்னாள் வீரரின் அறிவை வாடகைக்கு எடுக்கிறது. மணிக்கட்டைப் பற்றிய 'ஏன்' அதற்கு வேண்டும். இந்த இன்னொரு 'ஏன்' வேண்டுமா என்பதை முடிவு செய்வது மைக்கின் சொந்தக்காரர், பேசுகிறவர் இல்லை.

நான் ஆம்பூர்க்காரன். எங்கள் பக்கம் தோல்தான் தொழில். டேனரியில் குரோம் பதனிடல் முடிந்தால் எல்லாத் தோலும் ஒரே மாதிரி நீலம், 'வெட் ப்ளூ' என்பார்கள். தரம் பிரிக்கிறவர் பார்ப்பது கீறல், ஓட்டை, தோலின் மேற்பரப்பு. கலர் போடுவது அதற்கெல்லாம் அப்புறம், வாங்குகிறவர் கேட்டபடி. தோலை இவ்வளவு தெரிந்த இதே ஊரில்தான் மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் 'கலர் எப்படி?' என்கிற கேள்வி முதலில் வருகிறது. சிவாவின் ட்வீட்டில் 'நம் நாட்டிலேயே' என்று இருந்ததில் இந்த வீடுகளும் சேர்த்திதான்.